சிரிக்கும்போது இறங்கிய ஊசி

அந்தக் குடும்பத்தில் யாரிடமாவது ஜோக் சொன்னால் உடனே சிரிக்க மாட்டார்கள். முதலில் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவார்கள். ஒரு கை தானாக இடுப்புக்குப் பின்னால் போகும். எதுவும் நடக்கப்போவதில்லை என்று நிச்சயமான பிறகுதான், தவணை முறையில், மெதுவாகச் சிரிப்பார்கள். வெளியாட்கள் இதைப் பார்த்துவிட்டு ரசனை கெட்ட குடும்பம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாவம், அந்தக் குடும்பத்தின் பேரில் தவறில்லை. எல்லாம் அத்தை செய்து வைத்த வேலை.

அத்தை பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று ஊரே சொல்லும். கைராசி என்பார்கள். கைராசியெல்லாம் ஒன்றுமில்லை, அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. இடுப்பில் போடும் ஊசி தோலைத் தாண்டிச் சதைக்குள் போக வேண்டும். சதை இறுகியிருந்தால் ஊசியைத் தடுக்கும். தடுக்கத் தடுக்க வலிக்கும். தளர்ந்திருந்தால் ஈரமண்ணில் குச்சி இறங்குவதுபோல இறங்கிவிடும். ஆனால் ஊசியைக் கண்டதும் இறுகுவதுதான் சதையின் குணம். "தளர்வா விடுங்க" என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் இறுக்கும். உடம்பிடம் உத்தரவு போட்டு வேலை வாங்க முடியாது, ஏமாற்றித்தான் வாங்க வேண்டும்.

மனிதன் வாய்விட்டுச் சிரிக்கும்போது உடம்பின் பிடி விட்டுப்போகும். விழுந்து விழுந்து சிரிக்கிறான் என்று நாம் சொல்வது சும்மா இல்லை. காலில் அப்போது நிஜமாகவே வலு இருக்காது. அத்தை அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டாள். ஊசிகளை வேகவைத்து, தேய்ந்ததைக் கல்லில் தீட்டி, பிசிறு இருக்கிறதா என்று பஞ்சில் இழுத்துப் பார்த்து மறுபடி பயன்படுத்திய காலம் அது. ஊசி மொக்கையாக இருந்தால் ஜோக் கூர்மையாக இருக்க வேண்டும் என்பது அவள் சித்தாந்தம். போலீஸ்காரருக்கு ஒரு ஜோக், வாத்தியாருக்கு ஒன்று, புது மாமியாருக்கு வேறொன்று என்று தனித்தனியாக இருப்பு வைத்திருந்தாள். எதிராளி சிரித்து முடித்து, "எப்ப போடப் போறீங்க?" என்று கேட்கும்போது அவள் ஊசியைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

இந்த வித்தையை அவள் ஆஸ்பத்திரியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கொண்டுவந்தாள். அங்கே வளர்ந்தது இரண்டே பேர்தான், அத்தையின் தம்பி பிள்ளைகள். தாய் போன பிறகு, கப்பலில் வேலை பார்த்த தகப்பன் அவர்களைக் கொண்டுவந்து அக்காவிடம் விட்டுவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டார். மூத்தவள் இப்போது பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. இளையவன் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டி, சொந்த மகளுக்கு வரன் பார்க்கும் வயதிலும் வீட்டில் அவன் பெயர் சின்னவன்தான்.

அப்பா இந்த வருஷமும் வரப்போவதில்லை, குடியிருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டும், நாய் செத்துவிட்டது என்று கெட்ட சேதி எது வந்தாலும் அத்தை முதலில் ஒரு ஜோக் சொல்வாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சேதி இறங்கிவிடும். அதனால்தான் அந்தக் குடும்பத்துக்கு ஜோக் என்றால் கால் மாற்றி நிற்கிற வியாதி வந்தது.

அத்தை தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தாள். வாழ்ந்தாள் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். டூட்டி முடிந்ததும் சீருடையோடு சைக்கிளில் சினிமாவுக்குப் போவாள், திரும்பும்போது அந்தப் பாட்டை விசிலடித்துக்கொண்டு வருவாள். வாராவாரம் சீட்டாட்டம் நடத்துவாள். அதில் எல்லோர் கண்ணெதிரிலும் ஏமாற்றுவாள், பிடிபட்டால், "இவ்வளவு நேரமாச்சா கண்டுபிடிக்க?" என்று திட்டுவாள். ரிட்டயர் ஆன பிறகு நீச்சல் கற்றுக்கொண்டாள். நீந்தவில்லை, மல்லாந்து மிதந்தபடி நீந்துகிறவர்களுக்கு யோசனை சொன்னாள். கூட வேலை பார்த்த நர்ஸ்களைச் சேர்த்துக்கொண்டு ரயிலில் ஊர் ஊராகப் போனாள். கண் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு, ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே, எப்படி உட்கார்ந்தால் முதுகு வலிக்காது என்று சொல்லிக்கொடுத்தாள். கடைசி நாள் மத்தியானம் கேரம் ஆடி, சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, படுத்துத் தூங்கினாள். அவ்வளவுதான்.

இத்தனையையும் பக்கத்திலிருந்து பார்த்த சொந்தக்காரர்கள் ஒரே குரலில் சொன்னது: "பாவம், அந்தப் பசங்களுக்காகக் கல்யாணமே வேணாம்னுட்டா. மனசுக்குள்ள எவ்வளவு இருந்திருக்கும். வெளிய காட்டிக்கல."

சின்னவன் இந்த வாக்கியத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவன். சட்டை போடும்போது, செருப்பு வாங்கும்போது, யாராவது ஒருவர் அவன் தலையைத் தடவி இதைச் சொல்வார். ஒருத்தியின் வாழ்க்கையை நாம்தான் தின்று தீர்த்தோமோ என்று அவனுக்கு ஒரு முள். ஒரே ஒரு தடவை, பெரியவனான பிறகு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டான். "அத்தை, எங்களாலதான நீங்க..." என்று தொடங்கினான். அத்தை, "அத விடு, ஒரு திருடன் டாக்டர்கிட்ட போனானாம்..." என்றாள். ஜோக் வந்தால் பின்னாலேயே என்ன வரும் என்று அவனுக்குத் தெரியாதா? அவசர வேலை என்று எழுந்து ஓடிவிட்டான். அந்தத் திருடனுக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தன் கேள்விக்குப் பதிலும் தெரியவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் அத்தைக்கு நினைவுக் கூட்டம். குடும்பத்தின் சார்பில் சின்னவன் பேச வேண்டும். பேச்சை அக்கா எழுதிக் கொடுத்திருந்தாள். நடுவில் ஒரு வரிக்குக் கீழே அழுத்தமாகக் கோடு: "எங்கள் இருவருக்காகத் தன் வாழ்வையே துறந்தவர்."

"அக்கா, இந்த ஒரு வரிய மட்டும் விட்டுரட்டுமா?"

"அந்த வரிதான்டா பேச்சே. மத்ததெல்லாம் சும்மா ஓரம் கட்டினது."

அதுதான் அவன் சங்கடம். இத்தனை நாள் மற்றவர்கள் சொல்லக் கேட்டதை, நிரம்பிய அரங்கில், மைக்கில், தன் வாயாலேயே சொல்ல வேண்டும். உண்மையென்றால், தானே எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. பொய்யென்றால், அத்தை பேரில் பொய். எது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கேரம் காயைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கூட்டம் மூன்றாவது மாடியில். நோயாளியைக் கட்டிலோடு ஏற்றும் பெரிய லிஃப்டில் சின்னவனும் அக்காவும் ஏறினார்கள். கதவு மூடும் நேரத்தில் கைத்தடி ஒன்று குறுக்கே நீண்டது. பின்னால் அதன் சொந்தக்காரர் வந்தார். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவர், அத்தையின் சீட்டாட்டக் கூட்டாளி. பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே அவரை எக்ஸ்ரே மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"லிஃப்டு ஒழுங்கா போகுமாடா?" என்றார்.

"நான்தான் மாமா பாத்துக்கறேன் இத."

"அதான் கேக்கறேன்."

இரண்டாவது மாடியைத் தாண்டியதும் விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. லிஃப்ட் நின்றது.

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட மெக்கானிக்கும் பயணிதான். செய்ய வேண்டிய வேலையெல்லாம் மொட்டைமாடியில், மெஷின் அறையில் இருக்கிறது. உள்ளே இருந்துகொண்டு அவனால் செய்யக்கூடியது, மற்றவர்களைவிட விவரமாகக் காரணம் சொல்வது மட்டுமே. சின்னவன் அதைச் செய்தான். கரண்ட் ஒரு கணம் போனாலும் பிரேக் பிடித்துக்கொள்ளும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள், இது கோளாறு இல்லை, பாதுகாப்பு என்றான். பிறகு ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டான். மெஷின் அறைச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் நினைவுக் கூட்டத்தில் முன்வரிசையில். அத்தை ஊசி போட்டு வளர்ந்தவராம். தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரமாகும்.

"நல்லதாப் போச்சு, படிச்சுப் பாரு," என்றாள் அக்கா. வகுப்பில் பாடம் ஒப்பிக்கச் சொல்லும் குரல்.

சின்னவன் காகிதத்தை எடுத்தான். கோடு போட்ட வரிவரைக்கும் சரளமாக வந்தான். "எங்கள் இருவருக்காகத் தன்... தன் வாழ்..." என்று அங்கேயே தடுக்கி நின்றான்.

எக்ஸ்ரே மாமா கைத்தடியை மாற்றிப் பிடித்தார். "இதையாடா மைக்ல சொல்லப் போற?" என்று கேட்டார். அப்புறம், "ஒருத்தன் எக்ஸ்ரே எடுக்க வந்தானாம்..." என்று ஆரம்பித்தார்.

அக்கா கால் மாற்றி நின்றாள். கை பின்னால் போயிற்று. சின்னவனும் அதே மாதிரி நின்றான்.

"எதுக்கு இப்ப ஜோக்கு?" என்றாள் அக்கா.

"சும்மாம்மா. பொழுது போகணுமில்ல?"

"எங்க வீட்டுல யாரும் சும்மா ஜோக் சொன்னதே கெடையாது. என்ன விஷயம், சொல்லுங்க."

கிழவர் அகப்பட்டுக்கொண்டார். அத்தையிடம் கற்ற வித்தையை, அதே அத்தை வளர்த்த பிள்ளைகளிடமே காட்டினால் எப்படி?

"உங்க அத்தைகிட்ட நான் கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேட்டேன்."

அக்காவின் கை இடுப்பிலிருந்து இறங்கிற்று.

"எப்ப?"

"இவன் மூக்க ஒழுகவிட்டுக்கிட்டுத் திரிஞ்சப்ப. எக்ஸ்ரே ரூம்ல வெச்சுத்தான் கேட்டேன். ரெண்டு குழந்தைங்க இருக்கு, விட்டுட்டு எப்படி வர்றதுன்னா."

அக்கா தம்பியைப் பார்த்தாள். "பாத்தியா! நான் என்ன எழுதியிருக்கேன்?"

சின்னவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். முள் என்று நினைத்தது ஆணியாகவே போய்விட்டது.

"இரும்மா, நான் இன்னும் முடிக்கல," என்றார் மாமா. "அதுக்கென்ன, கூட்டிட்டு வா, நாலு பேரா இருப்போம்னு சொன்னேன். அவ மொகத்தப் பாக்கணுமே! பாடத்துல இல்லாத கேள்வி வந்த மாதிரி திருதிருன்னு முழிச்சா. அப்புறம் ஒரு ஜோக் சொன்னா பாரு, நான் செவுத்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். சிரிப்பு அடங்கறதுக்குள்ள சொல்லிட்டா."

"என்னன்னு?"

"'எனக்குக் கல்யாணம்னாலே ஆகாதுப்பா. டூட்டி முடிஞ்சு வந்தா கட்டில்ல குறுக்கால படுக்கணும். சாப்பாடு எங்கன்னு யாரும் கேக்கக் கூடாது. பசங்க இருக்காங்கன்னு சொன்னா வர்றவன் எல்லாம் கண்ணத் தொடச்சுக்கிட்டு மரியாதையா திரும்பிப் போறான். நீ ஒருத்தன்தான் கூட்டிட்டு வான்னு கழுத்தறுக்கற.' இதான் அவ சொன்னது."

"வலிக்கலையா மாமா?" என்றான் சின்னவன்.

"அப்ப ஒண்ணும் தெரியல. மறுநாள்தான் விண்ணுவிண்ணுன்னு இருந்துச்சு. நல்லா போட்ட ஊசி அப்படித்தான்."

"அதுக்கப்புறம் நீங்க..."

"என்னடா சோகமா கேக்கற? அடுத்த வருஷமே வேற பொண்ணக் கட்டிக்கிட்டேன். இப்ப பேரன் பேத்தி எல்லாம் இருக்கு. சீட்டாட்டத்துக்கு மட்டும் உங்க அத்த."

சின்னவனுக்கு இனி ஓடுவதற்கு இடமில்லை, லிஃப்ட் நின்றுகொண்டிருந்தது. கேட்டுவிட்டான்.

"எங்களப் பாரம்னு என்னிக்காவது நெனச்சாங்களா, மாமா?"

"பாரமா! உங்கள விட நல்ல சாக்கு அவளுக்குக் கெடைச்சிருக்குமா? அதுவரைக்கும் வாரத்துக்கு ஒரு மாப்பிள்ளை வந்துக்கிட்டிருந்தான். உங்க அப்பன் உங்கள கொண்டாந்து விட்ட அன்னிக்கு வார்டு பூரா மிட்டாய் குடுத்தாடா." கிழவர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "சாக்குதான். ஆனா சாக்குக்கு யாரும் தல சீவி விட மாட்டாங்க. காய்ச்சல் வந்தா லீவு போட்டு மடியில வெச்சுக்க மாட்டாங்க. ரெண்டும்தான்டா."

சின்னவனுக்கு நெஞ்சில் காற்றுப் புகுந்ததுபோல இருந்தது. கூடவே, மறைப்பானேன், ஒரு சின்ன மனத்தாங்கலும் இருந்தது. இத்தனை வருஷம் ஒருத்தியின் வாழ்க்கையை நாசமாக்கிய பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, வெறும் சாக்கு என்று தெரிந்தால் யாருக்கும் கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தான் இருக்கும்.

அக்காவுக்கு அது சின்ன மனத்தாங்கலாக இல்லை. "அப்ப நான்?" என்றாள். "அவ்வளவு பெரிய காலேஜ்ல வேல குடுத்தாங்க. அத்தையத் தனியா விட முடியாதுன்னு வேணாம்னுட்டு இங்கயே கெடந்தேன். அத்தை நமக்காக இருந்தாங்க, நான் அத்தைக்காக இருக்கணும்னு. அது என்ன கணக்கு?"

மாமா வாயைத் திறந்தார்.

"ஜோக் வேணாம்."

"ஜோக் இல்லம்மா. உங்க அத்த சொன்னதத்தான் சொல்ல வந்தேன். 'பெரியவள போடி போடின்னா போக மாட்டேங்கறா. புது ஊருன்னா அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே பயம். என்னச் சொல்லி நின்னுக்கறா. நின்னுட்டுப் போகட்டும், அவளுக்கும் ஒரு சாக்கு வேணுமில்ல'ன்னா."

அக்கா கைப்பையைத் திறந்தாள், எதையும் எடுக்காமல் மூடினாள்.

போன் அடித்தது. எலக்ட்ரீஷியன் மெஷின் அறைக்குள் போய்விட்டான். "மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணு. பண்ணிட்டியா? இப்ப பிரேக்க லேசா விடு, உடனே பிடி. மறுபடி விடு," என்றான் சின்னவன்.

அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். "பிரேக்க விட்டா கீழ விழாதா?"

"விழாதுக்கா, மேலதான் போகும்," என்று சின்னவன் விளக்க ஆரம்பித்தான். கயிற்றின் ஒரு பக்கம் இந்தக் கூண்டு, மறுபக்கம் இரும்புக் கட்டிகள். பாதி ஆள் ஏறினால் இரண்டும் சமமாகும் என்கிற அளவில் கட்டிகளை வைத்திருப்பார்கள். அதைவிடக் குறைவாக ஆள் இருந்தால் கட்டிகள் கீழே இறங்கும், கூண்டு மேலே ஏறும். மோட்டார்கூட வேண்டாம்.

"நாம மூணு பேர் இருக்கோமேடா?"

"கட்டிலோட ஆள ஏத்தற கூண்டுக்கா இது. நம்ம கனமெல்லாம் இதுக்கு ஒரு பொருட்டே இல்ல."

லிஃப்ட் விக்கி விக்கி மேலே ஏறியது. மூன்றாவது மாடிக் கதவு திறந்தபோது ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அரங்கம் நிறைந்திருந்தது. சின்னவன் மைக்கின் முன் போய், காகிதத்தை விரித்தான். கோடு போட்ட வரியை இப்போது அவனால் தடங்கலில்லாமல் படித்திருக்க முடியும். அந்த வரிக்கு இனி அவனைக் குத்தும் சக்தி இல்லை. ஆனால் அது உண்மையில்லை என்று தெரிந்துவிட்டதே. வரி வந்ததும் முன்வரிசையில் அக்காவைப் பார்த்தான். அவள் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தைக்குக் கல்யாணம் பண்ணிக்க இஷ்டமில்ல," என்றான். "அதுக்கு நானும் எங்க அக்காவும் எங்களால ஆன உதவியச் செஞ்சோம். அவங்க ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க. அவ்வளவுதான்."

பழைய நர்ஸ்கள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது, பின்னால் இன்னும் சில.

தலைமை டாக்டர் கண் கலங்க எழுந்து வந்தார். மைக்கை வாங்கினார். "கேட்டீர்களா?" என்றார் குரல் தழுதழுக்க. "தான் தியாகம் செய்தது அந்தப் பிள்ளைகளுக்கே தெரியக் கூடாது என்று, இஷ்டமில்லை என்றே சொல்லி வளர்த்திருக்கிறார். கடைசி மூச்சுவரை சந்தோஷமாக இருப்பதுபோல நடித்திருக்கிறார். தியாகத்தையே தியாகம் செய்தவர்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. நிஜத்தைச் சொன்னால் அது இன்னும் பெரிய தியாகமாகத் திரும்பி வரும் என்று சின்னவன் எதிர்பார்க்கவில்லை.

அக்கா எழுந்தாள். அவள் நடந்து வந்த விதத்தைப் பார்த்து டாக்டர் தானாக மைக்கை நீட்டினார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் நீட்டுவார்கள்.

"டாக்டர், உக்காருங்க," என்றாள். "எங்க அத்தைக்கு நடிக்க வராது. சீட்டுல ஏமாத்தும்போதே மாட்டிக்குவாங்க. நல்லா இருந்தாங்க, அதனால நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சது. இதுல வேற ஒண்ணும் இல்ல."

"ஆமா, என்கிட்ட ஒரே சீட்டுக் கட்டுல அஞ்சு ஏஸு வெச்சு ஆடினா!" என்று மூலையிலிருந்து ஒரு பழைய நர்ஸ் கத்தினாள். "ஏஸா? என் செருப்பயே போட்டுக்கிட்டு போயி நீச்சல் குளத்துல விட்டா," என்றாள் இன்னொருத்தி. வாட்ச்மேன் எழுந்து தனக்கு ஊசி போட்டபோது சொன்ன ஜோக்கைச் சொன்னார். அது பொது இடத்தில் சொல்லக்கூடியது அல்ல. அதற்குமேல் கூட்டம் யார் கையிலும் நிற்கவில்லை. தலைமை டாக்டர் இரங்கல் தீர்மானத்தைப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து டீ கொடுத்தார்கள். அக்கா தம்பியை ஜன்னலோரம் ஒதுக்கினாள்.

"அந்த மாமா சொன்னது சரிதான்டா. அந்த வேலைக்குப் போகவே எனக்குப் பயம். புது ஊரு, புது ஆளுங்க. அத்தையத் தனியா விட முடியாதுன்னு ஒரு தடவ சொன்னேன். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்படியே பிடிச்சுக்கிட்டேன்."

"அத்தைக்குத் தெரிஞ்சிருக்கு பாருக்கா."

"தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லல பாரு, கள்ளி." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று.

அப்போது தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி டீயும் கையுமாக வந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க கதைய விடும்மா. நீ அவங்களுக்காக அவ்வளவு பெரிய வேலைய உதறிட்டு, கடைசிவரைக்கும் கூடவே இருந்தியே! இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு?"

சின்னவன் ஆவலோடு அக்காவைப் பார்த்தான். அரங்கமே கேட்க டாக்டரை உட்கார வைத்தவள் அல்லவா?

அக்கா வாயைத் திறந்தாள். தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

"ஏதோ, நம்மால ஆனது," என்றாள்.

சொந்தக்காரி உருகிப்போய் நகர்ந்ததும், தம்பியின் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"சிரிச்ச, கொன்னுருவேன்."